கொள்ளு ரசத்தின் பக்குவம்

விளக்கு வைத்து அரைமணி நேரம் கழித்துப் பரிமளா அடுப்பிலிருந்து கொள்ளு ரசத்தை இறக்குவாள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட அந்த ரசத்தில் முதல் கரண்டி கணவனின் டம்ளருக்குத்தான். ஊற்றியதும் சமையலறை வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். கூடத்தில் தறியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தால் நிம்மதி. ஓசை நின்றிருந்தால் கை சற்று விரைவாக இயங்கும். பருப்பு டப்பாவின் அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கும் அட்டையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி எடுப்பாள். அதை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பொடியாக்கி, டம்ளரில் தூவிக் கலக்குவாள். கலக்கிய கரண்டியை உடனே கழுவிவிடுவாள். "ரசம் ரெடிங்க" என்று குரல் கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணியில் தொடங்கிய இந்த வழக்கம், மார்கழி பிறந்தும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அவளுடைய கணவன் தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆரணியில் பட்டுச்சேலை நெய்கிறவர்களில் கைவேலை சுத்தமானவன் என்று பெயர் எடுத்தவன். நெசவாளர் சங்கத்துக் கட்டடத்தில் நடந்த மருத்துவ முகாமில் அவனுடைய ரத்தத்தைச் சோதித்தபோது, கொலஸ்ட்ரால் இருநூற்று எண்பத்தாறு என்று வந்தது. டாக்டர் ஜெயப்ரியா தினமும் ஒரு மாத்திரை என்று எழுதினார்.

"மாத்திரை மட்டும் வேணாங்க டாக்டர்" என்றான் தணிகாசலம். "எங்க தெருவுல பலராமன்னு ஒருத்தன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நெஞ்சடைச்சி பொழைச்சி வந்தான். இந்த மாத்திரைதான் முழுங்கிகினு கீறான். காலு ரெண்டும் கடுக்குது, தறி மிதியே அமுக்க முடியலன்னு பொலம்பறான். எனக்கு காலு போனா தறி போச்சு. சாப்பாட்டுலயே கொறைச்சிக்கறேன்."

"சாப்பாட்டுல குறையும்தான்" என்றார் டாக்டர். "சிலருக்கு நல்லாவே குறையும், சிலருக்குக் கொஞ்சம்தான். உங்களுக்கு எவ்வளவுன்னு செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். மூணு மாசம் பாருங்க. ஆனா திரும்பி வந்து என்கிட்ட காட்டணும். சீட்டு கையில இருக்கட்டும்."

தணிகாசலம் தெருவுக்கு வந்ததும் சீட்டைக் கசக்கி வீசினான். பின்னால் வந்த பரிமளா அதைக் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் அண்ணன் சின்னக்கண்ணுவும் நெசவாளிதான். நாற்பத்தைந்து வயதில், நெய்துகொண்டிருந்தபோதே, கால் தொங்கப்போட்டிருந்த தறிக்குழிக்குள் சாய்ந்தான். கால்கள் குழியில் சிக்கியிருந்ததால் மூன்று பேர் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது. அன்றிலிருந்து, தன் வீட்டுத் தறியின் ஓசை சற்றுநேரம் நின்றாலே அவள் நெஞ்சு நின்றுவிடும். மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மூன்று மாதம் உயிரைப் பணயம் வைக்கலாம் என்று கேட்டது. அக்காள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போளூருக்கு பஸ் ஏறி, தெரிந்த முகம் இல்லாத மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கி வந்தாள்.

தணிகாசலம் சும்மா இருந்தான் என்று சொல்லிவிடக் கூடாது. அவன் பட்ட பாடு பெரும்பாடு. அரிசிக்குப் பேர்போன ஊரில் பிறந்தவன், பொன்னிச் சோற்றை ஒருவேளையாகக் குறைத்து, இரவில் கேழ்வரகுக் களியும் கீரையும் தின்றான். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல் நின்றது. தேங்காய்ச் சட்னி, முட்டை மஞ்சள் கரு, டீக்கடை பஜ்ஜி எல்லாம் நின்றன. விடியற்காலையில் கோட்டை மைதானத்தைச் சுற்றி நாலு சுற்று நடந்தான். எதிர்வீட்டில் கறி கொதிக்கும் ஞாயிறுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "பேஜாரு புடிச்ச வாசனை" என்று திட்டிக்கொண்டே களியை விழுங்கினான். இவற்றுக்கெல்லாம் மேலாக அவன் நம்பியது ஒன்றுதான்: பரிமளா வைத்துத் தரும் கொள்ளு ரசம்.

மார்கழியில் அவனே கடைத்தெரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தான். நூற்று எழுபத்தெட்டு என்று வந்தது. டாக்டரிடம் போகவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய், அந்தக் காகிதத்துக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தான்.

"ரேசன் கார்டுக்குக்கூட இந்த மரியாதை குடுக்கலியே ண்ணா நீ!" என்று சிரித்தான் பலராமன்.

"சிரிடா, சிரி. ஒரு மாத்திரை முழுங்கல. ஒரே ஒரு மாத்திரை! எல்லாம் வாயைக் கட்டுனது, உங்க பரிமளாக்கா ரசம். நீயும் கீறியே, காசு குடுத்து கால்வலி வாங்கிகினு."

பலராமனின் சிரிப்பு அடங்கியது. அவன் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பரிமளாவின் கை நின்றுவிட்டது.

மரத்தில் கூடு கட்டியிருந்த ஒரு மைனாவின் கதை உண்டு. சிறகு முளைக்காத தன் குஞ்சு பறக்க ஆசைப்பட்டு விளிம்பிலிருந்து குதித்தபோது, தாய் மைனா ஓசைப்படாமல் கீழே பறந்து முதுகில் தாங்கிக்கொண்டது. குஞ்சு தானே பறந்ததாக எண்ணி மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கத் தாய்க்கு மனம் வரவில்லை. கதை அங்கேயே முடிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் குஞ்சு பக்கத்துக் கிளையைப் பார்த்து, "குதித்தால் போதும், பறந்துவிடலாம்" என்று கூவியது. அடுத்த கூட்டின் விளிம்பில் இன்னொரு குஞ்சு வந்து நின்றது. தாய் மைனாவுக்கு இருந்ததோ ஒரே முதுகு.

மறுநாள் மத்தியானம் பலராமனின் மனைவி தனகோடி, பழைய நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, அந்த ரசத்தோட பக்குவத்தைச் சொல்லு. ஒண்ணு வுடாம எழுதிக்கறேன். இவரு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

பரிமளா நூல் கண்டை மடியில் வைத்துக்கொண்டாள். கொள்ளு ஒரு கைப்பிடி, ராத்திரியே ஊறவைக்கவேண்டும் என்று தொடங்கினாள். பூண்டு எட்டுப் பல், மிளகு ஒரு ஸ்பூன், சீரகம், ஒரு கொட்டைப்பாக்களவு புளி. தனகோடி நாக்கை மடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எழுதினாள்.

"அவ்ளோதானா கா?"

"அவ்ளோதான்."

"வேற எதுவும் போட மாட்டியா?"

"வேற இன்னா போடுவாங்க ரசத்துல?" என்றாள் பரிமளா. பிறகு நூல் கண்டைப் பார்த்தபடி, "மாத்திரையை மட்டும் நிறுத்த வுடாதம்மா. டாக்டரைக் கேட்டுக்குங்க" என்றாள்.

"உன் வூட்டுக்காரரு டாக்டரைக் கேட்டாரா?" தனகோடி சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நீ கைப்பக்குவத்தை ஒளிக்கப் பாக்கற. பொங்கலுக்குள்ள எங்க வூட்டு ரசம் உன் ரசத்தைத் தோக்கடிச்சிடும் பாரு."

அவள் தெருவைக் கடந்து போகும்வரை பரிமளா வாசலிலேயே நின்றாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த நிமிடம் தணிகாசலத்துக்குத் தெரிந்துவிடும். நாலு மாதம் வாயைக் கட்டித் தெருவில் நிமிர்ந்து நடக்கிறவன் தலையைத் தொங்கப்போடுவான். அதைவிட மோசமாக, இவள் கையால் இனி ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கமாட்டான். மாத்திரையும் உள்ளே போகாது. நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போனாள். அந்த நாளை, பொங்கல் கழிந்தும் வரவில்லை. பலராமன் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டான் என்று தெரு முழுவதற்கும் தெரிந்தது. கால்வலி போய்விட்டது, இருபது வயதுக்காரன் மாதிரி மிதிக்கிறேன் என்று அவனே சொல்லித் திரிந்தான்.

தை மாதம் பதினைந்தாம் தேதி காலையில் தணிகாசலத்தின் வீட்டுப் பாவைத் தெருவில் நீட்டினார்கள். பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். மூன்று சேலைக்கான பட்டிழைகளை வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்தவற்றை முடிந்து சீராக்குவார்கள். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டார் வந்து கைகொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். ஒரு முனையை மரத்தில் கட்டுவார்கள். மறுமுனைக் கயிற்றை ஓர் ஆள் பின்னால் சாய்ந்து விறைப்பாகப் பிடித்திருக்கவேண்டும். அவன் கையை விட்டால் ஆயிரக்கணக்கான இழைகள் சுருண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பிரிப்பது லேசில் நடக்கிற காரியமல்ல. ஆகவே கயிறு பிடிக்கிறவன் கொசு கடித்தாலும் கையை எடுக்கமாட்டான். அன்று கயிற்றைப் பிடித்திருந்தவன் பலராமன்.

கஞ்சிப் பாத்திரத்தோடு நடந்து வந்த பரிமளா தற்செயலாக அவன் முகத்தைப் பார்த்தாள். பனி இன்னும் விலகவில்லை. மற்றவர்கள் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். பலராமனின் நெற்றியிலிருந்து வேர்வை தாடைக்கு வழிந்துகொண்டிருந்தது. உதடுகள் வெளுத்திருந்தன.

"பலராமா, இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லக்கா. இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி..."

"கயித்தை வுடு."

"பாவு போயிடும் கா."

"வுடு சொல்றேன்!"

பாவின் நடுவில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்த தணிகாசலம் நிமிராமலே கத்தினான்: "யாருடா அங்க தளர வுடறது? இழுத்துப் புடி!"

அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு பலராமன் இன்னும் பின்னால் சாய்ந்தான். சாய்ந்தபோது அவன் முழங்கால்கள் மடங்குவதைப் பரிமளா கண்டாள். பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மண்ணில் புதைந்த வேர்போல அவை கயிற்றைப் பற்றியிருந்தன. கடைசி விரல் பிரிந்ததும் பாவு தெருமண்ணில் பாம்புபோல் சுருண்டு விழுந்தது. "ஐயோ, பட்டு!" என்று யாரோ அலறினார்கள். பலராமன் அவள் தோளின்மேல் சரிந்தான்.

"பட்டு கெடக்கட்டும்! ஆட்டோவைக் கூப்பிடுங்க, ஜல்தி!"

ஆரணி அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பரிமளா பலராமனின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் மூச்சு நிற்கிறதா, ஓடுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மூச்சோடு தன் மூச்சும் ஏறி இறங்கியது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர்கள் மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். வார்டுக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் பரிமளா, தணிகாசலம், தனகோடி மூவரும் உட்கார்ந்திருந்தபோது இளம் டாக்டர் ஒருவர் வந்து, "ஏற்கெனவே அட்டாக் வந்தவர்னு சொல்றீங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தாரா?" என்று கேட்டார்.

"நிறுத்திட்டாருங்க" என்றாள் தனகோடி. "கொள்ளு ரசம்தான் குடிச்சிகினு இருந்தாரு."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். அவர் போனதும் தனகோடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னாலதான். எட்டுப் பல்லு பூண்டுன்னு அக்கா தெளிவா சொன்னாங்க. உரிக்க சோம்பப்பட்டுகினு நாலஞ்சி நாளு ஆறு பல்லுதான் போட்டேன். கொள்ளை ஒழுங்கா ஊறவைக்கல. பாவி, நான்தான் அவரைக் கொல்லப் பாத்தேன்."

"அழாதம்மா" என்றான் தணிகாசலம். அவன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான். "பக்குவம் தப்பிப் போச்சி. தெரியாம நடந்துது. இனிமே பரிமளாவே உங்க வூட்டுக்கும் சேத்து வச்சிடட்டும்."

"அவரும் அதான் சொன்னாரு ண்ணா. கண்ணைத் தொறந்ததும் மொதல் பேச்சே அதான். 'வூட்டுக்குப் போனதும் பரிமளாக்கா கையால ரசம் குடிச்சா போதும், இந்த மாத்திரை சனியன் வேணாம்'னு."

பரிமளா எழுந்து நின்றாள். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தனகோடி, உன் ரசத்துல ஒண்ணும் தப்பில்லம்மா."

"இல்லக்கா, நான்..."

"கேளு. என் ரசத்துலதான் தப்பு. நான் அதுல மாத்திரை கலந்தேன். தெனமும் ஒண்ணு. பொடி பண்ணி. உனக்கு சொல்லிக் குடுத்தப்ப அதை மட்டும் மறைச்சிட்டேன்."

நடைபாதையில் ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டு போயிற்று. தணிகாசலம் அவள் பக்கம் திரும்பினான்.

"எத்தினி நாளா?" என்றான் தணிகாசலம்.

"ஆவணியிலேர்ந்து."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிக மெதுவாக, "அப்ப நான் நடந்ததெல்லாம்?" என்று கேட்டான்.

திட்டுவான், கை ஓங்குவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"நான் நோட்டு எடுத்துகினு வந்தேனே கா" என்றாள் தனகோடி. அவள் அழுகை நின்றிருந்தது. "'வேற எதுவும் போட மாட்டியா'ன்னு வாயைத் தொறந்து கேட்டேனே. என் தாலியைக் கேட்டுதானே வந்தேன்." அவள் எழுந்து வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தணிகாசலம் சற்றுநேரம் கழித்து அதே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். அவன் குரல் வெளியே கேட்டது. "பலராமா, நான் சொன்னது பொய்யாப் போச்சிடா. எனக்கே தெரியாம நானும் மாத்திரைதான் முழுங்கிகினு இருந்தேன். உன்னை நக்கல் பண்ணி நிறுத்த வச்சது இந்த வாய்தான். மருந்தைக் குடுத்தா வாயைத் தொறந்து முழுங்கு." பலராமன் என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் பரிமளா தானாகவே டாக்டர் ஜெயப்ரியாவிடம் போனாள். தணிகாசலமும் கூட வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒருத்தர் உடம்புக்குள்ள அவருக்குத் தெரியாம மருந்தை அனுப்ப யாருக்கும் உரிமை இல்லம்மா, பொண்டாட்டிக்கும்தான். ஒத்துக்காம போயிருந்தா எதனாலன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னொண்ணும் சொல்றேன். இவர் நாலு மாசம் வாயைக் கட்டி நடந்தாரே, அதால எவ்வளவு இறங்குச்சி, மாத்திரையால எவ்வளவு இறங்குச்சின்னு இனிமே யாராலயும் பிரிச்சிச் சொல்ல முடியாது. ஒருவேளை உணவே போதுமா இருந்திருக்கலாம். அதைத் தெரிஞ்சிக்கிற வாய்ப்பை நீங்க எடுத்துட்டீங்க."

வேர்வையைத் துடைப்பதுபோலப் பரிமளா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனை இழந்த பயத்தில் கணவனின் உயிரைக் காப்பாற்றுவதாக எண்ணியிருந்தவள், அவன் உழைப்பைத் திருடிவிட்டிருந்தாள்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து பண்றேங்க" என்றான் தணிகாசலம், சுவரைப் பார்த்து. "மாத்திரை இல்லாம."

டாக்டர் யோசித்தார். அவனுக்கு நெஞ்சுக்கோளாறு வந்ததில்லை, சர்க்கரை இல்லை, இசிஜி நன்றாக இருக்கிறது. எட்டு வாரம் உணவும் நடையும் மட்டும் என்று வைத்துப் பார்க்கலாம், எட்டாவது வாரம் கட்டாயம் வரவேண்டும், இறங்கவில்லை என்றால் வாதாடக் கூடாது என்றார். பலராமன் விஷயம் வேறு. ஒருமுறை அடைத்த நெஞ்சுக்கு உணவுக் கட்டுப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். கால் வலித்தால் அளவை மாற்றலாம், வேறு மருந்துகூட இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லவேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது.

அன்று மாலை தணிகாசலம் ஒரு மணையை இழுத்துவந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தான். அவள் உப்பு எடுக்கும்போது உப்பைப் பார்த்தான். மிளகைத் தட்டும்போது மிளகைப் பார்த்தான். மறுநாளும் அப்படியே. இருபத்தைந்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டவன் அவன். பரிமளா தலை நிமிராமல் சமைத்தாள். நாலாம் நாள் அவன் அவளிடம் முதன்முதலாகப் பேசினான்.

"பயந்தா பயந்தேன்னு சொல்லு. சண்டை போடு. தட்டைத் தூக்கிப் போடு. இந்த மாதிரி பண்ணாத."

"பண்ண மாட்டேங்க."

"பாத்துகினுதான் இருப்பேன்" என்றான் அவன். மணை மட்டும் நகரவில்லை.

பலராமன் வீடு திரும்பிய மறுநாள் காலை எட்டு மணிக்குப் பரிமளா அந்த வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்த தனகோடி, உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா?"

"தறியில பாதிச் சேலை நிக்குது. ஆறு வாரம் அவரு குழியில எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் நான் குந்தி நெய்யறேன். சேலை உங்களுது, கூலியும் உங்களுது."

"உன் வூட்டு வேலை?"

"மத்தியானத்துக்கு மேல பாத்துக்கறேன். சிக்கெடுக்கற வேலைதான், பாவுதான் பாழாப் போச்சே."

தனகோடி அவளை நேராகப் பார்த்தாள். "இதால நீ பண்ணது சரியாப் போயிடுமா?"

"போவாது."

"போவாதுன்னு தெரிஞ்சிகினேதான் வந்தியா?"

"தெரிஞ்சிகினேதான்."

தனகோடி நிலைப்படியிலிருந்து விலகி நின்றாள்.

பரிமளா சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் கால்களை இறக்கினாள். பல வருடங்களாக அவள் தறியில் முழு நாள் உட்கார்ந்ததில்லை. குழியின் குளிர் முழங்கால்வரை ஏறியது. அண்ணனின் நினைவு வந்தது. கண்களை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். மிதியை அமுக்கி, ஊடிழை சுற்றிய நாடாவை எறிந்தாள். கை பழகவில்லை, இழை தளர்வாக விழுந்தது. பிரித்து மறுபடி எறிந்தாள்.

சுவரோரக் கட்டிலில் படுத்திருந்த பலராமன் தலையைத் திருப்பினான்.

"அக்கா, அந்த வலது மிதி லேசா அமுக்குனா எறங்காது. ஓங்கி மிதிங்க."

அவள் ஓங்கி மிதித்தாள்.